லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிஃபிகேட்: அந்த ஒரு தாளில் என்ன இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 60 வயது முடிந்து நாலு மாதம் ஆன பிறகுதான் லைசென்ஸ் காலாவதியான விஷயமே தெரிந்தது. தெரிந்த பிறகும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திங்கள்சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார் என்பது வேறு கதை. புதுப்பிக்க டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும் என்றதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. "எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. எந்த டாக்டர் கையெழுத்து போடுவாரு?" என்றார். பிறகு யாருக்கோ போன் செய்தார். மறுமுனையில் இருந்தவர் அந்தப் பயத்தை ஒரே வரியில் தீர்த்தார்: "நீங்க வரவே வேண்டாம் அண்ணாச்சி. ஒரு போட்டோவும் ஆதார் நகலும் குடுத்து விடுங்க, சீல் வெச்சுத் தாறோம்."

பெரியப்பாவின் பயத்துக்கும் காரணமில்லை, போனில் கிடைத்த சமாதானத்திலும் நியாயமில்லை. இந்தச் சான்றிதழ் உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று தேடுவதில்லை. வண்டியை உங்களால் பார்த்து, கேட்டு, கட்டுப்படுத்தி ஓட்ட முடியுமா என்று மட்டும்தான் கேட்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

முதலில் தாள்களைப் பிரித்துப் புரிந்துகொள்வோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இதற்கு இரண்டு படிவங்களை வைத்திருக்கிறது. படிவம் 1 என்பது நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடும் உறுதிமொழி. "எனக்கு இன்ன இன்ன குறைகள் இல்லை" என்று நீங்கள் சொல்கிறீர்கள். டாக்டர் அதில் வரமாட்டார். படிவம் 1ஏ என்பது டாக்டர் உங்களைப் பார்த்துவிட்டு எழுதித் தருவது. பேச்சு வழக்கில் 'மெடிக்கல்' என்று சொல்வது இந்த இரண்டாவது தாளைத்தான்.

18 வயதில் பைக்குக்கோ காருக்கோ எல்.எல்.ஆர். போடும் பையனுக்குப் படிவம் 1 போதும். அவன் டாக்டரிடம் போகவேண்டிய அவசியமில்லை. ஆட்டோ, டெம்போ, லாரி, பஸ் என்று வாடகைக்கோ சரக்குக்கோ ஓட்டப்போகிறவருக்கு எந்த வயதானாலும் 1ஏ கட்டாயம். சொந்த வண்டிதான் என்றாலும் 40 வயதைத் தாண்டியவர் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது 1ஏ கொடுக்க வேண்டும். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இது இருக்கிறது. 40க்கு மேல் முதன்முதலாக லைசென்ஸ் எடுப்பவரிடமும், ஆன்லைனில் விண்ணப்பம் போடும் அரசுத் தளமான சாரதி இதைக் கேட்கும். நம் ஊரில் பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு 45, 50 வயதில் ஸ்கூட்டி கற்றுக்கொள்ளும் அம்மாமார் நிறைய. அவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை இந்த வேலை வரும் என்பதும் வயதைப் பொறுத்ததுதான். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30க்கும் 50க்கும் நடுவே எடுத்தாலோ புதுப்பித்தாலோ 10 வருடம். 50லிருந்து 55க்குள் என்றால் 60 வயது வரை. 55க்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 5 வருடம். போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 வருடத்துக்கு ஒரு முறை. காஸ், பெட்ரோல் டேங்கர் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் டிரைவர்களுக்கு 3 வருடம். பெரியப்பா 55ல் புதுப்பித்தது, அதனால்தான் 60ல் முடிந்தது. "அப்போ டாக்டர் என்ன பாத்தாரு?" என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

கண்: பாதிப் பரிசோதனை இங்கேதான்

சான்றிதழில் டாக்டர் கையெழுத்திடும் வாசகத்தில் தூரப் பார்வையையும் கேட்கும் திறனையும் கை, கால், மூட்டுகளின் நிலையையும் தனிக் கவனத்தோடு பார்த்தேன் என்று வரும். வரிசையில் முதலில் நிற்பது கண். நடைமுறையில் ஆட்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான்.

சட்டம் கேட்கும் அளவுகோல் மிகவும் எளிமையானது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை, கண்ணாடி போடுகிறவரானால் கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாலும் படிக்க முடிய வேண்டும். 25 மீட்டர் என்றால் இரண்டு அரசு பஸ்களை முன்னும் பின்னுமாக ஒட்டி நிறுத்தினால் வரும் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதல். சாதாரண நடையில் முப்பத்துச் சொச்சம் காலடி. டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். பக்கத்து வீட்டு டி.என். 74 காரையோ மார்த்தாண்டத்து உறவினரின் டி.என். 75 காரையோ தெருவில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அத்தனை காலடி எண்ணி விலகி நின்று, ஒரு கண்ணைக் கையால் மூடிப் படியுங்கள். பிறகு மற்றக் கண். தெரிந்த வண்டி என்றால் நம்பர் மனப்பாடமாக இருக்கும், ஆகவே தெரியாத வண்டியாகப் பாருங்கள்.

கிளினிக்கில் 25 மீட்டருக்கு இடம் கிடைக்காது. அதனால் டாக்டர்கள் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் பயன்படுத்துகிறார்கள். மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சிறியது. 1862ல் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் வகுத்த முறை இது. 6 மீட்டர் தள்ளி உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார்கள். அறை சின்னதாக இருந்தால் எதிரே கண்ணாடி வைத்து 3 மீட்டரை 6 ஆக்குவார்கள். ஆங்கில எழுத்து தெரியாதவருக்குத் தமிழ் எழுத்து அட்டையும், திசை மாறி மாறி நிற்கும் ஒரே வடிவத்தைக் காட்டி "எந்தப் பக்கம் திறந்திருக்கு?" என்று கேட்கும் அட்டையும் உண்டு. படிப்பறிவு இதில் தடையே அல்ல.

6/6, 6/12, 6/60 என்று அவர்கள் எழுதுவது பின்னம் போலத் தெரிந்தாலும் கணக்குப் பாடம் இல்லை. மேலே இருக்கும் 6 நீங்கள் நின்ற தூரம். கீழே இருப்பது, நல்ல பார்வை உள்ளவர் அதே எழுத்தை எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார் என்பது. 6/60 என்றால் மற்றவர் 60 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறீர்கள்.

நம்பர் பிளேட்டையும் அட்டையையும் இணைத்துப் பார்க்கலாமே என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். கார் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர் என்று விதி. 25 மீட்டரிலிருந்து பார்க்கும்போது அது கண்ணில் விழும் அளவு, அட்டையில் 6/9க்கும் 6/12க்கும் இடைப்பட்ட வரிக்குச் சமமாக வருகிறது. அதாவது சட்டம் கழுகுக் கண்ணைக் கேட்கவில்லை. அட்டையின் கடைசி வரி தெரியவில்லை என்று யாரும் கலங்க வேண்டாம். ஆனால் நடு வரியே தெரியவில்லை என்றால் அது விளையாட்டில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்த 25 மீட்டரை ஒன்றரை நொடியில் தாண்டிவிடும். வில்லுக்குறி வளைவில் குறுக்கே வரும் சைக்கிளை 25 மீட்டரில் அடையாளம் காண முடியாதவருக்கு அந்த ஒன்றரை நொடிகூட முழுதாக மிஞ்சாது.

"ஒவ்வொரு கண்ணும்" என்ற வார்த்தையைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடி மறைத்துவிடும். ஒரு கண் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போவது வருடக்கணக்கில் தெரியாமல் இருக்கும். பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான், பிறகு சொல்கிறேன்.

இன்னொரு குழப்பம் கண்ணாடி. 40ஐ ஒட்டி வருவது வெள்ளெழுத்து. பத்திரிகை படிக்க, ஊசியில் நூல் கோக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும், தூரம் நன்றாகவே தெரியும். இப்படிப்பட்டவர் படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தால் எல்லாம் கலங்கித்தான் தெரியும். அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மாறாகத் தூரக் கண்ணாடி உள்ளவர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் ஃபெயில்தான். "கண்ணாடி போட்டா டாக்டர் தப்பா நெனைப்பாரு" என்று கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி குற்றமே இல்லை. கண்ணாடியால் குறை சரியாகிறதா என்றுதான் படிவமே கேட்கிறது.

ஒரு கண் பார்வை இழந்தவருக்குக் கதவு முழுக்க மூடியிருக்கிறதா? இல்லை. குறைந்தது 5 வருடம் லைசென்ஸ் வைத்திருந்து அதற்குப் பிறகு ஒரு கண்ணை இழந்தவர், ஸ்டியரிங் பக்கம் வெளிக் கண்ணாடி பொருத்திய சொந்த உபயோக இலகு ரக வாகனத்துக்கு விண்ணப்பித்தால் மற்றக் கண்ணை வைத்து அளக்க இடம் இருக்கிறது. வாடகை வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது.

நிறமும் இருட்டும்

நிறத்துக்கான சோதனை ஒரு புத்தகம். பக்கம் முழுக்கப் பல நிறப் புள்ளிகள், நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கும். இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917ல் வெளியிட்ட தட்டுகள் இவை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கு எண் தெரியாது, அல்லது வேறு எண் தெரியும். பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, ஆண்களிடம்தான் அதிகம். காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண்களுக்கு அது ஒன்றுதானே.

முன்பெல்லாம் சிவப்பு, பச்சை பிரித்துச் சொல்லத் தடுமாறினாலே லைசென்ஸ் கிடையாது. 2020 ஜூனில் மத்திய அரசு படிவங்களைத் திருத்தியது. இப்போது லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்கள் லைசென்ஸ் எடுக்கலாம், கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான் தடை. இது பலருக்குத் தெரியாது. பத்து வருடம் முன்பு திருப்பி அனுப்பப்பட்டு அப்படியே விட்டுவிட்ட யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் மறுபடி போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சிக்னலில் சிவப்பு மேலேயும் பச்சை கீழேயும் இருக்கும் என்பதால் இடத்தை வைத்தே சமாளிக்கிறவர்கள்தான் இவர்களில் பலர்.

மாலைக்கண் வேறு விஷயம். படிவம் 1ல் அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது. குலசேகரத்துப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியலுக்கு முன்பே பைக்கில் கிளம்புகிறார்கள். கடலோரத்தில் ஏலத்துக்கு மீன் எடுக்கப் போகும் வண்டிகளும் அந்த நேரம்தான். நம் மாவட்டத்தில் இருட்டில் ஓட்டாமல் பிழைப்பு நடத்துவது பலருக்கு முடியாத காரியம். கண்ணில் மங்கிய ஒளிக்கென்று தனி அணுக்கள் இருக்கின்றன. வைட்டமின் ஏ குறைந்தாலோ சில பரம்பரை விழித்திரை நோய்களாலோ அவை வேலை செய்யாமல் போனால் பகலில் எல்லாம் சரியாக இருக்கும், பொழுது சாய்ந்ததும் சுவரும் ரோடும் ஒன்றாகிவிடும். கிளினிக் வெளிச்சத்தில் அட்டை படிக்கவைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

அதோடு கண்புரை வேறு. இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சிதறல் தெரிந்தால் புரை தொடங்கியிருக்க வாய்ப்புண்டு. களியக்காவிளை ரோட்டில் ராத்திரி டாரஸ் லாரிகள் வரிசையாக வரும்போது இந்தக் கூச்சம் என்ன செய்யும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

காது, கை, கால்

காது விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். சாதாரண ஒலி எச்சரிக்கைகளைக் கேட்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. காது மிஷின் வைத்துக் கேட்டாலும் சரிதான். டாக்டர் உங்கள் முதுகுப் பக்கம் நின்று தாழ்ந்த குரலில் ஏதாவது சொல்லிப் பார்ப்பார். மிஷின் உண்டென்றால் மாட்டிக்கொண்டு போங்கள், பேட்டரியோடு.

கை கால்களைப் பார்க்கும்போது விரலைப் பிடித்து அழுத்தச் சொல்வார்கள். மணிக்கட்டைச் சுழற்றச் சொல்வார்கள், கழுத்தை இருபுறமும் திருப்பச் சொல்வார்கள், உட்கார்ந்து எழச் சொல்வார்கள். வலையிழுக்கும்போது கயிற்றில் மாட்டி விரல் நுனி போனவர்கள், மரமேறி விழுந்து முழங்கை நேராக நீட்ட முடியாதவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்கள் பயப்படுவது வீண். படிவம் கேட்பது குறை இருக்கிறதா என்பதோடு நிற்பதில்லை, ஓட்டும் வேலைக்கு இடைஞ்சலாகும் குறையா என்று கேட்கிறது. சுண்டுவிரல் நுனி இல்லாமல் கிளட்ச் பிடிக்கலாம். வலது காலில் உணர்ச்சி மரத்துப்போனவர் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று அறிய முடியாது, அங்கேதான் டாக்டர் யோசிப்பார். நாட்பட்ட சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போவது சாதாரணம் என்பதால், "செருப்பு கழன்று போனது தெரியவில்லை" என்ற அளவுக்கு வந்தவர்கள் அதைச் சொல்லிவிடுவதே முறை.

கால் செயலிழந்தவர்களுக்கு, அவர்களுக்கென மாற்றியமைத்த வண்டிக்கு லைசென்ஸ் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. பின்னால் இரண்டு சக்கரம் கூட்டிய ஸ்கூட்டர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோமே.

மறைக்கத் தோன்றும் கேள்வி

படிவம் 1ன் முதல் கேள்வியே வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் பற்றியது. இதற்கு "ஆம்" என்று எழுதினால் லைசென்ஸ் மறுக்கப்படலாம். அதனால்தான் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" எழுதுகிறார்கள். பல நேரம் ஏஜென்ட்டே எல்லாக் கட்டத்திலும் "இல்லை" போட்டுத் தந்துவிடுவார், நாம் கையெழுத்து மட்டும் போடுவோம்.

இதில் எனக்கு அனுதாபம் இல்லாமல் இல்லை. ஆட்டோ ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது என்றால் ஒரு வரி உண்மை அடுப்பை அணைத்துவிடும். ஆனாலும் வலிப்பு வருவது நொடிப்பொழுதில். வருவதற்கு முன் வண்டியை ஓரம் கட்டும் அவகாசம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பொய்யான தகவல் தந்து வாங்கிய லைசென்ஸை ரத்து செய்யும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர் தன் நரம்பியல் மருத்துவரிடம் வண்டி ஓட்டுவது பற்றி வாய் திறந்து கேட்பதுதான் முதல் காரியம்.

பெரியப்பா பயந்த சர்க்கரைக்கும் பிரஷருக்கும் படிவத்தில் தனிக் கட்டமே கிடையாது. ஓட்டுவதை ஆபத்தாக்கும் வேறு நோய் ஏதாவது உண்டா என்று பொதுவாக ஒரு கேள்வி இருக்கிறது, அவ்வளவுதான். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவர் அதற்கு "இல்லை" என்று நேர்மையாகவே எழுதலாம். இன்சுலின் போட்டு அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து வியர்த்து, கை நடுங்கி, தலை கிறுகிறுக்கிறவர் கதை வேறு. அவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், வண்டியில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருக்க வேண்டும், சாப்பாட்டு நேரம் தப்பும்போது ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை, சிறுநீர், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே எதுவும் படிவம் 1ஏவில் கிடையாது. ரத்த வகை எழுத ஒரு இடம் இருக்கிறது, அதுவும் உங்கள் விருப்பம். வளைகுடா போகிறவர்களுக்கு எடுக்கும் மெடிக்கலோடு இதைக் குழப்பிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் செலவாகுமோ என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. "லைசென்ஸ் பேக்கேஜ்" என்று யாராவது நீட்டி முழக்கினால் 1ஏவில் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

எந்த டாக்டர், எந்தத் தாள்

சான்றிதழ் தருகிறவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும், சீலில் பதிவு எண் தெரிய வேண்டும். சித்த வைத்தியமும் வர்மமும் நம் மாவட்டத்தின் பெருமை. தோள் இறங்கினால் நானும் ஆசானிடம்தான் போவேன். ஆனால் பதிவு எண் இல்லாத ஆசானின் கையெழுத்து இந்தத் தாளில் ஏறாது.

தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்ற காலமும் மாறிவருகிறது. மருத்துவர்கள் சாரதி தளத்தில் பதிவு செய்துகொண்டு, பரிசோதனை முடிந்ததும் சான்றிதழை அங்கேயே நேரடியாக ஏற்றும் முறை வந்திருக்கிறது. ஆகவே கிளினிக்குக்குக் கிளம்பும் முன் "லைசென்ஸ் சர்டிஃபிகேட் ஆன்லைனில் போடுவீர்களா?" என்று ஒரு போன் செய்து கேளுங்கள். கேட்காமல் போய் இரண்டு முறை அலைந்தவன் சொல்கிறேன். விண்ணப்பத்தை முதலில் சாரதியில் போட்டு, விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போவது அலைச்சலைக் குறைக்கும்.

தாளாக வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். உங்கள் போட்டோவை ஒட்டி, டாக்டரின் கையெழுத்து பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலுமாக விழ வேண்டும். வேறொருவர் போட்டோவை மாற்றி ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அங்க அடையாளம் எழுதும் இடத்தையும் உங்கள் கையெழுத்து இடத்தையும் காலியாக விட்டுவிடாதீர்கள். கோணத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போய், ஒரு சீலுக்காகத் திரும்பி வருவது வெயில் காலத்தில் பெரிய தண்டனை.

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், பழைய லைசென்ஸ், இரண்டு போட்டோ, கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, கண்ணிலோ காலிலோ ஆபரேஷன் நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் தாள். ராத்திரி முழுக்க லாரி ஓட்டிவிட்டு அப்படியே கண் பரிசோதனைக்கு உட்காராதீர்கள்.

டாக்டர் கையெழுத்து போடவில்லை என்றால்

பெரியப்பாவை அந்தப் போன்காரரிடம் விடாமல் தக்கலையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். வலது கண்ணை மூடச் சொன்னார்கள். பெரியப்பா இடது கண்ணால் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலியே?" என்றார். மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்புரை. வலது கண் நன்றாக இருந்ததால் இத்தனை நாளும் அவருக்கே தெரியாது.

டாக்டர் கையெழுத்து போடவில்லை. "இது ஃபெயில் இல்ல பெரியவரே, கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றார். அந்த வார்த்தை சரியானதுதான். டாக்டர் மறுத்தால் வாழ்நாள் தடை என்று அர்த்தமில்லை. குறை தீர்ந்ததும் மறுபடி போகலாம். காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் புதுப்பித்துவிட்டால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை, ஒரு வருடம் தாண்டினால்தான் டெஸ்ட். பெரியப்பாவுக்கு இன்னும் எட்டு மாதம் கையில் இருந்தது. அதுவரை வண்டிச் சாவி பெரியம்மாவின் முந்தானையில்.

ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்தெல்லாம் தீர்ந்து, கண் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு அதே தக்கலை டாக்டரிடம் மறுபடி போனோம். இந்த முறை வலது கண்ணை மூடிக்கொண்டு நடு வரியைத் தாண்டி இன்னும் ஒரு வரி படித்தார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று, தூரத்தில் வரும் ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் எனக்கு முன்னால் வாசித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் ஏற வேண்டிய பஸ்ஸையும் அப்படி வாசித்தார், வாசித்த உற்சாகத்தில் கையைக் காட்ட மறந்துவிட்டார். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.